படலையடியில் கதைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம்.

போன போயா தினத்தன்று, பூரணை விடுமுறை நாளில், எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றிக் கூட்டம் வைத்தோம். முப்பது பேர் வரை வந்திருந்தீர்கள். அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேராவது புத்தகத்தை முழுதாக வாசித்துவிட்டு வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். வாசிகசாலையில் இருந்த 3 பிரதிகளும் யார் யார் வீட்டுக்குப் போய் வந்தன என்று கொப்பியில் எழுதி வைத்தவள் நான்தான். இரண்டு பேர் பேசி முடித்த பிறகு, "இனி வாசிச்ச ஆக்கள் ஆராவது கதைக்கலாம்" என்று கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். பின்வரிசை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் கேட்டேன். பிறகு நன்றியுரை சொல்லி முடித்துவிட்டோம். வடையும் பிளேன்ரீயும் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. சைக்கிள் எடுக்கப் போன இடத்தில், வாசற் படலையடியில், அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்று கதைத்தீர்கள். நான் வெறுந் தேநீர்க் கிளாசுகளைத் தட்டத்தில் அடுக்கியபடி கேட்டுக்கொண்டு நின்றேன்.

சைக்கிள் சீற்றில் ஒரு கையை வைத்தபடி ஓர் அம்மா சொன்னார்: "பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனால் ஆடி மாசத்திலை கிழவி பனங்கிழங்கு கிண்டுறாவாம். ஆடியிலை எங்கையிருந்து கிழங்கு வாறது? பனம்பழம் விழத் தொடங்கிறதே ஆடி ஆவணியிலைதானே. விதையைப் பொறுக்கிப் பாத்தி போட்டு, மாரி மழையும் கண்டு, மார்கழி தையிலைதான் கிழங்கு கிண்டலாம்." பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "அதுமட்டுமே? அவிச்சுக் காயவைச்சதை ஒடியல் எண்டு எழுதியிருக்கு. அவிச்சால் அது புழுக்கொடியல். பச்சையாப் பிளந்து காயவைச்சால்தான் ஒடியல். கூழுக்குக் கரைக்கிறது அந்த மாத்தான்."

அதோடு நிற்கவில்லை. அந்தக் கதையில் வரும் கிழவி, மகன் எத்தனை தரம் கூப்பிட்டும் கனடாவுக்குப் போகவில்லை. உள்ளே பேசிய இரண்டு பேரும் அதை மண்பற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படலையடியில் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த ஒரு தங்கச்சி சொன்னாள்: "எனக்கு அப்பிடிப் படேல்லை. இஞ்சை அவ ஒரு வீட்டுக்காரி. அங்கை போனால் பேரப்பிள்ளையளைப் பாக்க வந்த ஆள். அதுக்குத்தான் போகேல்லை. கதையிலை ஒரு இடத்திலை அவ திறப்புக்கோர்வையை இடுப்பிலையிருந்து கழட்டவே இல்லை, பாத்தீங்களோ?" நான் அந்தக் கதையை மூன்று தரம் வாசித்திருக்கிறேன். திறப்புக்கோர்வையை, அந்தச் சாவிக்கொத்தை, நான் கவனிக்கவில்லை. அன்று உள்ளே பேசிய எவரும் சொல்லாத ஒன்று அது. அதைக் கேட்டவர்கள் நான்கு பேரும், தட்டத்தோடு நின்ற நானும்தான்.

எழுதியவர் அதற்கு முன்பே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அன்றிரவு அவருக்குத் தொலைபேசி எடுத்து இரண்டையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏனக்கா இதை உள்ளுக்குள்ளை ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கவலைதான் இருந்தது. அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதை இப்போது உங்களிடமே கேட்கிறேன்.

முதலில் எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியீடு எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை. வீரசிங்கம் மண்டபமாக இருந்தாலும் சரி, நல்லூரில் ஒரு சின்ன மண்டபமாக இருந்தாலும் சரி, நிரல் இதுதான். இதில் வாசகர் வரும் இடம் ஒன்றே ஒன்று: பெயர் கூப்பிட்டதும் மேடையடிக்குப் போய், என்வலப்பைக் கொடுத்துவிட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டு வருவது. வாய் திறக்கும் இடம் கிடையாது. நயப்புரை என்ற பெயரிலேயே நயக்கத்தான் வேண்டும் என்பது அடங்கியிருக்கிறது. அதைச் செய்பவர் நான்கு நாளைக்கு முன் கையெழுத்துப் பிரதியை வாங்கி, இரவிரவாக வாசித்துவிட்டு வந்து பேசுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் அந்தப் பொறுப்பை நேர்மையாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அடிப்படையான ஒன்றைப் பாருங்கள். வெளியீட்டு நாளில் மண்டபத்தில் இருக்கும் ஐம்பது நூறு பேரில், புத்தகத்தை வாசித்தவர்கள் எழுதியவரும் பேச வந்தவர்களும் மட்டும்தான். மற்றவர்கள் அன்றுதான் அட்டையையே காண்கிறார்கள். அவர்களிடம் அன்றைக்கே கருத்துக் கேட்டால் என்ன சொல்ல முடியும்? அவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு மாதமாக வாசித்து முடித்து, மனதுக்குள் ஒன்று வந்து நிற்கும்போது அதைச் சொல்ல ஒரு கூட்டம் இருப்பதில்லை. இங்கே ஒரு புத்தகம் பெரும்பாலும் 300, 500 பிரதிகள்தான் அச்சாகிறது. எழுதியவர் தன் கைக்காசைப் போட்டு அச்சடித்து, அரைவாசியை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, மீதியை அலுமாரியில் வைத்திருக்கிறார். யாராவது ஒருவர் வந்து "உங்கடை அந்தக் கதை..." என்று தொடங்க மாட்டாரா என்று இரண்டு மூன்று வருடம் பார்த்திருக்கிறார். நல்லாக எழுதிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேர் இந்தக் காத்திருப்பிலேயே எழுத்தை விட்டுவிட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்களைத் திட்டி யாரும் எழுதவில்லை. யாரும் ஒன்றுமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் எப்போதும் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்த ஆட்கள் கிடையாது. இந்த ஊரின் அச்சே வாக்குவாதத்தோடு தொடங்கிய அச்சு. 1841 தையில் அமெரிக்க மிஷனரிமார் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக உதயதாரகையைத் தொடங்கினார்கள். மாதம் இருமுறை வந்த பத்திரிகை அது. அவர்கள் சமயம் பரப்பத்தான் அதை நடத்தினார்கள் என்றாலும், வாசகர் எழுதிய கடிதங்கள் அதில் வந்தன. சைவமா கிறிஸ்தவமா என்ற வழக்கு அந்தப் பக்கங்களிலேயே நடந்தது. பிறகு சைவத்தின் பக்கம் நின்ற ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். மிஷன் அச்சடித்ததற்கெல்லாம் அச்சிலேயே பதில் போனது. ஒருவர் எழுத, மற்றவர் மறுப்பு எழுத, மறுப்புக்கு மறுப்பு வர, கண்டனம் என்று ஒரு தனி இலக்கிய வகையே இங்கே வளர்ந்தது. அந்தக் கண்டனங்கள் எல்லாவற்றையும் நான் மெச்ச மாட்டேன். ஆளைத் தூற்றுவதிலேயே பக்கத்தை நிரப்பியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அச்சில் வந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும், அது தன் கடமை என்று நினைத்த வாசகர்கள் அவர்கள். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

1930இல் சுன்னாகத்திலிருந்து ஈழகேசரிப் பத்திரிகை வரத் தொடங்கியது. அதை வாசித்து, அதற்கு எழுதிப் பழகி எழுத்தாளர் ஆனவர்கள் ஒரு தலைமுறை. அறுபதுகளில் பேச்சுவழக்கைக் கதையில் எழுதலாமா கூடாதா என்று பெரிய சண்டை நடந்தது. மரபுப் போராட்டம் என்று இன்றும் அதைச் சொல்வார்கள். பண்டிதர்களும் இளம் எழுத்தாளர்களும் மட்டும் அதில் இறங்கவில்லை, சாதாரண வாசகர்களும் பக்கம் பிரிந்து நின்றார்கள். சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையில், வாசகர் கேள்விகளுக்கு மகுடி பதில்கள் வந்தன. மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையில் தூண்டில் என்ற கேள்வி பதில் பகுதி வந்தது. தபாலட்டையில் நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு, அடுத்த இதழில் தன் பெயர் வந்திருக்கிறதா என்று கடையில் நின்றபடியே பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா சலூன் வைத்திருந்தவர். அந்தச் சலூனில் தலைமயிர் வெட்டிக்கொண்டே இலக்கியம் பேசினார்கள். இதழ் வந்ததும் அவரே கையில் கொண்டு திரிந்து விற்றார். அப்படி விற்கும்போது வாசகர் நேருக்கு நேர் சொல்வார்: போன இதழ் கதை சரியில்லை, அந்தக் கட்டுரை நல்லது. ஒரு சஞ்சிகை நாற்பது வருடத்துக்கு மேல் நின்றதற்குப் பல காரணம் இருக்கலாம். இதுவும் அதில் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் வாசிகசாலைக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. இரண்டு பக்கமும் சரிவான அந்தப் பலகை மேசை இப்போதும் இருக்கிறது. என் அப்பு சொல்லுவார்: காலையில் பேப்பர் வந்ததும் ஒருவர் உரத்து வாசிப்பாராம். தோட்டத்துக்குத் தண்ணி மாறிவிட்டு வந்தவர்கள் திண்ணையில் இருந்து கேட்பார்களாம். எழுத்துத் தெரியாத ஒருவர்தான் அதிகம் கேள்வி கேட்பாராம். "நிப்பாட்டு, அதைத் திருப்பி வாசி" என்று அவர் சொன்னால், வாசிப்பவர் திருப்பி வாசித்தே ஆகவேண்டும். வாசித்து முடிக்க ஒரு மணித்தியாலம் என்றால் கதைத்து முடிக்க இரண்டு மணித்தியாலம்.

பிறகு போர் வந்தது. 1990க்குப் பிறகு வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. பற்றரி இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயரை இழுத்து வானொலிக்குக் கொடுத்து, இரவில் லண்டன் பிபிசியின் தமிழோசையைக் கேட்டோம். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சைக்கிளைச் சுற்றிக் குந்தியிருப்போம். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தியும் சோரும். கேட்டு முடித்ததும் கதைப்போம், ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்போம். யார் இருக்கிறார், யார் வந்து நிற்கிறார் என்று பார்த்துத்தான் கதைப்போம். ஒரு சொல் ஒரு உயிரை எடுக்கக் கூடிய காலம் அது. "உனக்கேன் தேவையில்லாத கதை" என்று எங்கள் தாய்மார் எங்களை அடக்கியது எங்களைக் காப்பாற்றத்தான். அவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்த அடக்கம் போர் முடிந்த பிறகும் நாக்கில் தங்கிவிட்டது. 2009இல் பிறந்த பிள்ளை இன்று உயர்தர வகுப்பில் இருக்கிறது. எதற்குப் பயப்படுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கூட்டத்தில் எழுந்து கதைக்கக் கூடாது என்று மட்டும் தெரிகிறது.

பள்ளிக்கூடமும் இதில் பங்கெடுத்தது என்று சொல்லத்தான் வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் தமிழ்ப் பாடத்தில், அரசனைப் புகழும் செய்யுள் ஒன்று நடந்தது. "பரிசு குடுக்காமல் விட்டிருந்தால் புலவர் இப்பிடிப் பாடியிருப்பாரோ ரீச்சர்?" என்று கேட்டேன். உண்மையாகவே அறியத்தான் கேட்டேன். "வாய்காட்டாதை" என்று சொல்லி, பாடம் முடியும்வரை நிற்க வைத்தார்கள். நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நான் கேள்வியே கேட்டதில்லை. நெடுங்காலம் கழித்து, அந்தக் கேள்வி நல்ல கேள்வி, அதைப் பற்றி அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு அழுகை வந்தது. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு நாற்பது நிமிடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

படலையடியில் உங்களிடம் தனித்தனியாகக் கேட்டால் வேறொரு காரணமும் வருகிறது. "எழுதினவர் எங்கடை மாமியின்ரை மகன், பிறகு முகத்திலை முழிக்கிறேல்லையே?" "அவர் என்ரை பிள்ளைக்குப் படிப்பிக்கிற சேர்." சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். உள்ளதுதான். ஆனால் அதே மாமி வீட்டுக் கொண்டாட்டத்தில் குழம்புக்கு உப்புக் காணாது என்று நாங்கள் சொல்கிறோமே! சொல்லிவிட்டு இன்னொரு அகப்பை கேட்டும் வாங்குகிறோம். அதில் ஒருவரும் பகை கொள்வதில்லை, ஏனென்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்கிறோம் என்று மாமிக்குத் தெரியும். புத்தகத்தை வாசித்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று தெரிந்தால் எழுதியவரும் பகை கொள்ள மாட்டார். முதல் நாள் முகம் கொஞ்சம் மாறலாம். மாறட்டும்.

"நான் படிக்காத ஆள், எனக்கென்ன தெரியும் பிள்ளை" என்பவர்களுக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். பனங்கிழங்கு எந்த மாதம் கிண்டுவது என்று பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த பேச்சாளருக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. கடலைப் பற்றிய கதையில் வலை இழுக்கும் விதம் பிழை என்று சொல்ல குருநகரில் இருந்தோ மாதகலில் இருந்தோ ஒருவர் வேண்டும். இடம்பெயர்ந்த முகாமில் சமைத்தவர்கள், அந்த முகாமைப் பற்றிய நாவலில் அடுப்புப் புகை எங்கே போனது என்று கேட்க வேண்டும். 1990இல் ஒரே நாளில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களில் இருந்து ஒருவர், நாங்கள் எழுதும் யாழ்ப்பாணத்தில் தங்கள் தெரு ஏன் இல்லை என்று எங்களைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நாங்கள் எத்தனை பேரிடம் இருந்து கேட்டிருக்கிறோம்? சில ஊர்களில் ஒரு காலம் சாதியைச் சொல்லி வாசிகசாலைப் படியில் கூட ஏற விடப்படாதவர்கள் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு வாசிகசாலை வந்ததன் கதை எல்லோருக்கும் தெரியும். இன்று உள்ளே வந்து கதிரையில் இருக்கிறீர்கள். இருந்தால் மட்டும் போதாது, உங்கள் குரலும் உள்ளே வரவேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டங்களுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். புத்தகம் எடுக்கும் கொப்பியைப் பார்த்தால் முக்கால்வாசி அவர்களுடைய பெயர். ஆனால் எழுந்து பேசியவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். கூட்டத்தை நாலரைக்குத் தொடங்கி, வரவேற்புரைக்கே ஐந்தே கால் ஆக்கிவிட்டு, ஆறு மணிக்கு "கருத்துச் சொல்லலாம்" என்றால், மினிபஸ் பிடிக்க வேண்டியவர், விளக்கு வைக்க வேண்டியவர், பிள்ளையை ரியூசனில் இருந்து கூட்டிப் போகவேண்டியவர் எப்படி இருந்து பேசுவார்? இது எங்கள் பிழை, திருத்துகிறோம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதில் இருந்து வளர்ந்தது அது. 1959இல் புதுக் கட்டடம் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போயின. அந்த எண்ணை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் இன்று அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் போய் இரவல் எடுத்த ஒரு புத்தகத்தைப் பற்றி, ஒருவரோடு ஒருவர் கடைசியாக எப்போது கதைத்தோம்? எரிந்த புத்தகங்களுக்காக அழுதவர்கள், அவற்றை வாசித்து அவற்றோடு வாதாடியவர்கள். அவர்கள் செய்ததில் அந்தப் பாதியை நாங்கள் விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

சரி, என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று கேட்பீர்கள். பெரிய பேச்சு வேண்டாம். "சபைக்கு வணக்கம்" கூட வேண்டாம். வாசிக்கும்போது எந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றீர்களோ, அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு வாருங்கள். "இந்த இடத்திலை நான் நிண்டன்" என்று சொல்லி அந்த நாலு வரியை வாசியுங்கள். ஏன் நின்றீர்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று காட்டுங்கள். "கதை சரியில்லை" என்பதை வைத்துக்கொண்டு எழுதியவர் ஒன்றும் செய்ய முடியாது. "ஆடியில் கிழங்கு இல்லை" என்பதை வைத்துக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்தலாம். எழுந்து பேசக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதித் தாருங்கள், பெயர் போடாமல் நான் வாசிக்கிறேன். நீங்கள் பேசியதற்கு இன்னொருவர் மாறிச் சொன்னால் அதைத் தோல்வியாக எடுக்க வேண்டாம். மாறிச் சொல்கிற அளவுக்கு ஒருவர் உங்களைக் கவனித்துக் கேட்டிருக்கிறார்.

எழுதுபவர்களுக்கும் ஒன்று. வாசகர் ஒருவர் முதல் தரம் எழுந்து நின்று, தட்டுத் தடுமாறி ஒரு பிழையைச் சொல்லும்போது, தயவுசெய்து அங்கேயே மறுப்புச் சொல்லத் தொடங்காதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவு போதும். அந்த ஒருவருக்கு நீங்கள் காட்டும் முகத்தை அந்த மண்டபத்தில் இருக்கும் முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்கமைப்பாளர்களிடமும் கேட்கிறேன்: வெளியீட்டை எப்போதும் போல நடத்துங்கள், விளக்கும் வாழ்த்தும் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து வாசித்தவர்களுக்கென்று மட்டும் இன்னொரு நாள் வையுங்கள். வாசகர் பேச்சு ஏற்புரைக்கு முன்னால் வரட்டும், அப்போதுதான் எழுதியவர் பதில் சொல்லலாம்.

எங்கள் வாசிகசாலையில் சிலதை மாற்றியிருக்கிறோம். அடுத்த போயாவுக்கு அதே சிறுகதைத் தொகுப்பை மறுபடி எடுக்கிறோம். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிப்போம். மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. கதிரைகளை வட்டமாகப் போடுகிறோம், பின்வரிசை என்று ஒன்று இருக்காது. பிளேன்ரீயைக் கடைசியில் கொடுக்காமல் தொடக்கத்திலேயே கொடுக்கிறோம், கையில் கிளாஸ் இருந்தால் கதை தானாக வரும் என்று படலையடியில் கண்டிருக்கிறேன். இன்னும் 2 பிரதி வாங்கி மேசையில் வைத்திருக்கிறோம். கொப்பியில் பெயரை எழுதிவிட்டு எடுத்துப் போங்கள். ஓரத்தில் பென்சிலால் கோடு போடலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எழுதியவர் வருகிறார். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை ஆட்டோவைக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

திறப்புக்கோர்வையைக் கண்டுபிடித்த தங்கச்சி வருவதாகச் சொல்லிவிட்டாள். பனங்கிழங்கு அம்மாவைத் தேடி நேற்று வீட்டுக்கே போனேன். முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தார். "சபையிலை எழும்பிக் கதைக்க எனக்கு ஏலாது பிள்ளை" என்றார் முதலில். எழும்பத் தேவையில்லை, இருந்துகொண்டே கதைக்கலாம் என்றேன். மிளகாயைக் கையால் பரவிவிட்டபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "அப்ப, வரேக்கை ஒரு பிடி ஒடியலும் ஒரு பிடி புழுக்கொடியலும் கொண்டு வரட்டோ? கையிலை வைச்சுக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு விளங்கும்."

அன்புடன்,
வாசிகசாலைக் கொப்பியில் பெயர் எழுதும் உங்கள் அக்கா